கோது சிக்கினால் அவசரப்படாதீர்கள்: பயிர்க்காவல் துவக்கு முதல் மண்ணில் கிடக்கும் ரவை வரை

தை மாதத்தின் கடைசி நாட்களில் ஒருநாள், ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்யும் என் சித்தப்பா விடிய ஐந்து மணிக்கு அழைத்தார். அறுவடைக்கு இரண்டு கிழமை இருந்த நேரம் அது. இரவில் காவல் கொட்டிலில்தான் அவருக்குப் படுக்கை. பயிர்ப் பாதுகாப்புக்கென அனுமதிப்பத்திரம் பெற்ற ஒற்றைக்குழல் சொட்கன் ஒன்று அவரிடம் இருக்கிறது.

"தம்பி, இரவு பண்டி வந்தது. விசையை இழுத்தன், 'டிக்' எண்டு மட்டும் கேட்டுது. திறந்து பார்த்தா தோட்டா வெளிய வருதில்லை. கத்தியால நெம்பப் போனன், பக்கத்து வயல்காரர் விடேல்லை. நீ பத்திரிகைக்காரன்தானே, என்ன செய்யிறது எண்டு கேட்டுச் சொல்லு" என்றார்.

வன்னியில் வளர்ந்த என் வயதுக்காரருக்கு வெடிச்சத்தம் புதிதல்ல. எது எறிகணை, எது துவக்கு, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பதுங்குகுழிக்குள் இருந்தபடியே சொல்வோம். ஆனால் ஒரு துவக்கின் உள்ளே என்ன நடக்கிறது, தோட்டா ஏன் சிக்குகிறது என்று எனக்குத் தெரியாது. சித்தப்பாவுக்காகத் தேடத் தொடங்கியபோதுதான் விளங்கியது: சிக்கிய தோட்டா அநேகமாகச் சும்மாதான் கிடக்கும். ஆபத்து தொடங்குவது அதை எடுக்கப் போகும் கையில்.

நான் அறிந்துகொண்டவற்றை அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருக்கும் விவசாயிகளுக்காகவும், வெளிநாடுகளில் சுடுபயிற்சிக் கழகங்களுக்குப் போகும் உறவுகளுக்காகவும், கிணறு வெட்டும்போதோ வரம்பு கட்டும்போதோ ரவையைக் காணும் எவருக்காகவும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சுடும் கணத்தில் நடப்பது

ஒரு தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு. வெளியே கோது, அதன் அடியில், அடிபட்டதும் தீப்பிடிக்கும் பிரைமர், உள்ளே மருந்து, முன்னால் சன்னம். விசையை இழுத்ததும் ஊசி பிரைமரைத் தாக்கும். மருந்து எரிந்து வாயுவாக மாறும். அந்த அழுத்தத்தில் கோது பெருத்து, தான் இருக்கும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வாயு பின்பக்கமாக வந்து சுடுபவரின் முகத்தில் அடிக்காமல் தடுப்பது இந்த ஒட்டல்தான்.

சன்னம் குழலை விட்டுப் போனதும் அழுத்தம் விழும். பித்தளை சற்றே சுருங்கும். இந்தச் சிறு சுருக்கம்தான் கோது வெளியே வர வழி விடுகிறது. பிறகு ஒரு கொக்கியோ தகடோ கோதின் அடி விளிம்பைப் பிடித்து இழுக்கும். கோது சுருங்காவிட்டாலும், அறையின் சுவர் சொரசொரப்பாக இருந்தாலும், கொக்கி தேய்ந்திருந்தாலும் கோது சிக்கும். எந்தத் துவக்காக இருந்தாலும் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலில் கேட்க வேண்டியது: வெடித்ததா, இல்லையா?

கோது சிக்கியிருப்பதைக் கண்டதும் கத்தியையோ திருப்புளியையோ தேடுவது எல்லோருக்கும் வரும் எண்ணம். அதற்கு முன், விசையை இழுத்தபோது என்ன சத்தம் கேட்டது என்பதை நினைவுபடுத்துங்கள். அடுத்துச் செய்ய வேண்டியதை அதுதான் தீர்மானிக்கும்.

*வழமையான வெடிச்சத்தம் கேட்டது:* உள்ளே இருப்பது வெற்றுக் கோது. ஆபத்து குறைவு. ஆறுதலாக எடுக்கலாம்.

*'டிக்' என்று மட்டும் கேட்டது:* உள்ளே இருப்பது உயிருள்ள தோட்டா. பிரைமரில் ஊசி பட்ட குழி தெரிந்தாலும் அது வெடித்து முடிந்தது என்று எண்ணக்கூடாது. ஈரமோ பழுதோ பட்ட தோட்டாவில் தீ மெல்லப் பரவி, சில கணங்கள் கழித்து வெடிப்பதும் உண்டு. அதனால் உடனே திறக்கக்கூடாது. துவக்கைத் தோளில் வைத்தபடியோ இறுகப் பிடித்தபடியோ, குழலை ஆளில்லாத பக்கத்து மண்மேட்டை நோக்கி வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து அறுபது வரை எண்ணுங்கள். திறந்த துவக்கில் தோட்டாவுக்குப் பின்னால் இரும்புத் தடுப்பு இல்லை. அந்த நிலையில் வெடித்தால் கோது கிழிந்து, திறந்தவரின் முகத்துக்குத்தான் வரும்.

*மந்தமான, பொக்கான சத்தம் கேட்டது:* மூன்றிலும் ஏமாற்றுவது இதுதான். மருந்து சரியாக எரியாமல் சன்னமோ, அதைத் தள்ளும் அடைப்போ குழலின் நடுவில் நின்றிருக்கலாம். அதை அறியாமல் அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துப் பிளக்கும். தோட்டாவை எடுத்த பின், பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் பாருங்கள். மறுமுனையில் வட்டமாக வெளிச்சம் தெரியாவிட்டால் அந்தத் துவக்கு அன்றைக்கு ஓய்வுக்குப் போக வேண்டும்.

சித்தப்பாவுக்கு நடந்தது இரண்டாவது வகை. அவர் அறுபது எண்ணவில்லை. உடனேயே திறந்திருக்கிறார்.

சொட்கனில் தோட்டா சிக்கும் காரணங்கள்

எங்கள் பக்கத்தில் பயிர்க்காவலுக்கு வைத்திருப்பது பெரும்பாலும் 12 போர் சொட்கன்தான். நடுவில் மடித்துத் திறக்கும் இந்தத் துவக்கில், திறக்கும்போது ஒரு தகடு தோட்டாவின் விளிம்பைச் சில மில்லிமீற்றர் மேலே உயர்த்தும். மிச்சத்தை விரலால் எடுக்க வேண்டும்.

முதல் காரணம் துரு. முல்லைத்தீவுக் கரையோர உப்புக்காற்றும் மாரிகால ஈரமும் இரும்பை அரிக்கும். அறைக்குள் துரு சிறு குழிகளை உண்டாக்கினால், சுடும்போது பெருக்கும் கோது அந்தக் குழிகளில் போய் அமர்ந்துவிடும். தோட்டாவிலும் துரு பிடிக்கும். பிளாஸ்டிக் தோட்டாக்கள் பலவற்றின் அடித்தொப்பி பித்தளை அல்ல. பித்தளை முலாம் பூசிய இரும்பு. அது பித்தளையளவுக்குச் சுருங்காது. ஈரம் பட்டால் துருவும் ஏறும்.

இரண்டாவது காரணம் நீளம். பழைய துவக்குகள் சிலவற்றின் அறை 65 மில்லிமீற்றர் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. இன்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 70 மில்லிமீற்றர். தோட்டாவின் வாய் மடித்து மூடப்பட்டிருப்பதால் நீளமான தோட்டாவும் பழைய அறைக்குள் போய்விடும். சுடும்போது அந்த மடிப்பு விரிய இடம் இருக்காது. அழுத்தம் கூடும், கோது இறுகும், காலப்போக்கில் துவக்கும் பழுதாகும். குழலின் அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துத் தோட்டா வாங்குங்கள்.

மூன்றாவது காரணம் தேய்ந்த தகடு. கோதின் விளிம்பைப் பிடிக்காமல் தகடு வழுக்கி அதற்கு மேலே வந்துவிட்டால், கோது தகட்டுக்குக் கீழே மாட்டிக்கொள்ளும்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. 20 போர் தோட்டா 12 போர் துவக்குக்குள் நழுவிப் போய்க் குழலின் தொடக்கத்தில் நின்றுவிடும். பின்னால் பார்த்தால் அறை வெறுமையாகத் தெரியும். 'தோட்டா போடவில்லைப்போல' என்று எண்ணி 12 போர் தோட்டா ஒன்றைப் போட்டுச் சுட்டால் குழல் கையிலேயே வெடிக்கும். இதைத் தவிர்க்கத்தான் தோட்டா செய்பவர்கள் பலர் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கிறார்கள். இரண்டு அளவுத் தோட்டாக்களை ஒரே பையில் வைக்கவே கூடாது.

எப்படி எடுப்பது? வெடித்து முடிந்த வெற்றுக் கோது என்று உறுதியாகத் தெரிந்தால், துவக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, குழலின் வாய்ப்பக்கமாக ஒரு மரக்கம்பியை விட்டு மெல்லத் தள்ளலாம். இரும்புக்கம்பி குழலைக் கீறும்; வேண்டாம்.

வெடிக்காத தோட்டா என்றாலோ, சந்தேகம் இருந்தாலோ, கம்பி விடவே கூடாது. விரல் நகத்தால் இழுத்து வந்தால் வரட்டும். விரலுக்கு வராததைக் கருவியால் எடுக்கப் போகாதீர்கள். குழல் மண்மேட்டைப் பார்த்தபடி, பிள்ளைகளும் மாடுகளும் போகாத இடத்தில் துவக்கைத் திறந்தபடியே வைத்து, ஒருவர் காவலுக்கு நிற்க, பொலிஸ் நிலையத்துக்கோ அனுமதி பெற்ற துவக்குத் திருத்துநருக்கோ அறிவியுங்கள். தோட்டா உள்ளே இருக்கும் துவக்கை மோட்டார் சைக்கிளிலோ பஸ்ஸிலோ கொண்டுபோகாதீர்கள்.

.22 அரைத் தானியங்கித் துவக்கில்

சித்தப்பாவின் கதையைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டேன். கனடாவில் சுடுபயிற்சிக் கழகமொன்றுக்குப் போகும் மச்சான், தன்னுடைய .22 துவக்கும் ஐந்தாறு வெடிக்கு ஒருமுறை கோதை வெளியே விடுவதில்லை என்று எழுதினார். தானும் பேனாக்கத்தியால்தான் நெம்பி எடுப்பதாகவும் சொன்னார். இந்த வகைத் துவக்கில் அப்படிச் செய்வது இன்னும் ஆபத்து. ஏன் என்று பார்ப்போம்.

சொட்கன் தோட்டாவில் பிரைமர் அடியின் நடுவில் இருக்கும். .22 ரவையில் தனியாகப் பிரைமர் கிடையாது. தீப்பிடிக்கும் இரசாயனம் அடி விளிம்பின் உட்புறத்தைச் சுற்றித் தடவப்பட்டிருக்கும். ஊசி விளிம்பை நசுக்கும்போதுதான் வெடிக்கும். ரிம்ஃபயர் என்ற பெயர் அதனால் வந்தது. 1845 அளவில் பிரான்ஸின் ஃப்ளோபேர் செய்த சிறு ரவையில் தொடங்கிய முறை இது. இன்று பரவலாக இருக்கும் .22 லோங் ரைஃபிள் ரவை 1887இல் அமெரிக்காவில் வந்தது.

ஆகவே வெடிக்காத .22 ரவையின் விளிம்பில் கத்தி முனையை வைத்து நெம்புவது, ஊசி செய்ய வேண்டிய வேலையைக் கத்தி செய்வதுதான்.

ஊசி நசுக்க வேண்டும் என்பதால் இந்தக் கோது மெல்லியது, மென்மையானது. சன்னத்தில் மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும். அந்த மெழுகும் ஈயமும் புகைக்கரியும் சேர்ந்து அறைக்குள் பசையாகப் படியும். அரைத் தானியங்கி வகையில் போல்ட் பூட்டப்படுவதில்லை. எரிவாயு கோதைப் பின்னே தள்ள, கோது போல்ட்டைத் தள்ளுகிறது. அறை அழுக்கானால் அந்தத் தள்ளுவிசை போதாது. கொக்கி மட்டும் இழுத்தால் மெல்லிய விளிம்பு கிழிந்து, கோது உள்ளேயே நின்றுவிடும்.

பிழையைக் கண்டுபிடிக்கும் ஒழுங்கு இது. ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும்; ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும்.

1. ரவைக்கூட்டைக் கழற்றி, போல்ட்டைப் பின்னே இழுத்து நிறுத்தி, அறைக்குள் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். வெறுமையாக இருப்பது உறுதியான பிறகே மற்ற வேலை.

2. கோது எங்கே நிற்கிறது? அறைக்குள்ளேயே நின்றால் இழுப்பதில் பிழை. அறையை விட்டு வந்து, போல்ட்டின் வாயில் புகைக்குழாய் போல நட்டுக்கொண்டு நின்றால் வெளியே எறிவதில் பிழை. இரண்டும் வேறு வேறு.

3. அறையைச் செம்புக்கலவைத் தூரிகையாலும் கழுவு திரவத்தாலும் சுத்தம் செய்யுங்கள். கொக்கியின் அடியில் படிந்த கரியையும் எடுங்கள். பெரும்பாலான சிக்கல்கள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

4. தீராவிட்டால் வேறு தயாரிப்பு ரவையைப் போட்டுப் பாருங்கள். வேகம் குறைந்த ரவைகள் சில துவக்குகளின் போல்ட்டை முழுதாகத் தள்ளுவதில்லை.

5. அதன் பிறகும் சிக்கினால் கொக்கியின் முனை மழுங்கியதா, அதன் சுருள்வில் தளர்ந்ததா என்று பாருங்கள். இரண்டும் மாற்றக்கூடிய சிறு பாகங்கள்.

6. கடைசியாக அறையின் வாய் விளிம்பைப் பாருங்கள். ரவையில்லாமல் அடிக்கடி விசையை இழுத்திருந்தால், சில துவக்குகளில் ஊசி அறையின் விளிம்பில் மோதி உலோகத்தைப் பிதுக்கியிருக்கும். அந்தப் பிதுக்கம் கோதைப் பிடித்துவைக்கும். அதை வீட்டில் அராவ வேண்டாம். திருத்துநர் வேலை அது.

பிரித்தானியாவில் 1987 ஹங்கர்ஃபோர்ட் படுகொலைக்குப் பிறகு வந்த 1988 சட்டம், தானாகவே அடுத்த ரவையை ஏற்றும் ரைஃபிள்களில் .22 ரிம்ஃபயரை மட்டுமே பொதுமக்களுக்கு விட்டுவைத்தது. அவுஸ்திரேலியாவில் 1996 போர்ட் ஆர்தருக்குப் பிறகு அதற்கும் கடுமையான கட்டுப்பாடு வந்தது. சின்ன ரவை என்பதால் அதை விளையாட்டாக எண்ணும் பழக்கம் இருக்கிறது. .22 ரவை ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பாலும் போய் விழக்கூடியது.

மச்சானுக்கு மூன்றாவது படியிலேயே பிரச்சினை தீர்ந்தது. துவக்கை வாங்கியதிலிருந்து அறையை அவர் ஒருமுறையும் துலக்கியதில்லை.

இடியனும் கட்டுத்துவக்கும்

இந்தக் குறிப்புகள் அனுமதிப்பத்திரம் உள்ள துவக்குகளுக்கு மட்டுமே. வாய்வழியாக மருந்து இடிக்கும் இடியன் துவக்கில் எடுக்கக் கோதே இல்லை. வெடிக்காத மருந்து குழலின் அடியில் கிடக்கும். அதைக் கிண்டிக் கையையும் கண்ணையும் இழப்பது எளிது. பன்றி வரும் பாதையில் கம்பி கட்டி வைக்கும் கட்டுத்துவக்குக்குப் பன்றியும் மனிதரும் ஒன்றுதான். விறகுக்குப் போனவரும் அதில் கால் வைப்பார்.

1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். 1996இல் செய்யப்பட்ட திருத்தம் தண்டனைகளைக் கூட்டியது. பயிர்ப் பாதுகாப்புக்கான அனுமதிக்கு மாவட்டச் செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். அலைச்சல்தான். ஆனால் அனுமதியுள்ள துவக்கில் தோட்டா சிக்கினால் உதவி கேட்க முடியும். அனுமதியில்லாத துவக்குக்காரர் பயத்தில் தானே கிண்டுவார். காயம் அங்கேதான் நடக்கிறது.

மண்ணில் கிடைக்கும் ரவை

தோட்டா விலை கூடும்போது, காட்டுக்கரையில் கண்டெடுத்த ரவை உதவுமா என்று யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். உதவாது.

வன்னி மண்ணில் அதிகம் கிடைப்பது ரி-56 துவக்குக்குரிய 7.62 மில்லிமீற்றர் ரவைகள். இவற்றில் இரும்புக் கோது உள்ளவை பல. 2009இல் யுத்தம் முடிந்து எத்தனை மாரிகள் போய்விட்டன! துருவேறிய கோது அழுத்தத்தைத் தாங்காது. உள்ளே மருந்து எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. சொட்கன் குழலுக்கு அது பொருந்துவதும் இல்லை. மருந்தை எடுக்கலாம், பித்தளைக்கும் ஈயத்துக்கும் விலை வரும் என்று நினைத்துத் தட்டுவதும் உடைப்பதும், சிக்கிய தோட்டாவைக் கத்தியால் நெம்புவதும் ஒரே வேலைதான்.

இன்னொன்று: ரவை என்று நாம் நினைப்பது ரவையாக இருக்க வேண்டும் என்றில்லை. 40 மில்லிமீற்றர் குண்டும் எறிகணையின் முனையும் மண் படிந்து கிடந்தால் பெரிய தோட்டா போலத்தான் தெரியும். குப்பைக்குத் தீ வைக்கும்போது மண்ணுக்குள் கிடந்தது வெடித்த செய்திகளை நாங்கள் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். குப்பை எரிப்பதற்கு முன், நெடுங்காலம் ஆள் பாவிக்காத நிலமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

ஹலோ ட்ரஸ்ட், மாக் ஆகிய நிறுவனங்கள் 2002 முதல் இந்த நாட்டில் கண்ணிவெடி அகற்றுகின்றன. டாஷ், ஷார்ப் என்னும் உள்நாட்டு நிறுவனங்களும் வடக்கில் அதே பணியைச் செய்கின்றன. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அதன்படி நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க வேண்டிய நாள் 2028 ஜூன் 1. ஆனால் கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த காணியிலும், அவர்கள் தோண்டிய ஆழத்துக்குக் கீழே ஏதாவது இருக்கலாம். கிணறும் மலசலகூடக் குழியும் வெட்டும்போது அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கண்டால் செய்ய வேண்டியது: தொடாதீர்கள், எடுக்காதீர்கள், மண்ணால் மூடாதீர்கள். வந்த வழியே திரும்பி வந்து, தூரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு அடையாளம் வையுங்கள். பிள்ளைகளை மறியுங்கள். 119க்கோ, கிராம சேவையாளருக்கோ, பக்கத்தில் வேலை செய்யும் கண்ணிவெடி அகற்றும் குழுவுக்கோ சொல்லுங்கள்.

சொல்லப் பயம் என்பதும் எனக்குத் தெரியும். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வளர்ந்தவர்கள் நாங்கள். 'உன்ர காணிக்குள்ள எப்படி வந்தது?' என்ற கேள்விக்குப் பயந்து, கண்டதைக் குளத்தில் எறிந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தக் குளத்தில் வலை வீசுபவரும் எங்கள் ஆள்தான். தொடாமல், நகர்த்தாமல் இருப்பது உயிருக்கு மட்டுமல்ல, இதற்கும் நல்லது. கிடந்த இடத்திலேயே கிடப்பது மண்ணில் கிடந்த பொருள். எடுத்துக் கொட்டிலில் வைத்தால் உங்களிடம் இருந்த பொருளாகிவிடும். தனியாகப் போகாமல், ஊர் அமைப்பு ஒன்றின் பொறுப்பாளரையோ அயலவரையோ கூட்டிக்கொண்டு போய் அறிவியுங்கள். எந்த நேரம், யாரிடம் சொன்னீர்கள் என்பதைக் கொப்பியில் எழுதிவையுங்கள்.

சிக்காமல் இருக்க

சுட்ட அன்றே குழலையும் அறையையும் துடையுங்கள். மண்ணெண்ணெயால் கழுவினால் அதைத் துடைத்தெடுத்துவிட்டு மெசின் எண்ணெய் மெல்லியதாகப் பூசுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் அது பிசினாகும். சுடுவதற்கு முன் அறையில் இருக்கும் எண்ணெயை உலர்ந்த துணியால் துடையுங்கள். தோட்டாவில் எண்ணெய் பூசவே கூடாது. பிரைமருக்குள் போனால் வெடிக்காது. நெடுநாள் வைத்த துவக்கின் குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். தோட்டாக்களை மூடியிறுக்கும் தகரத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல், பூட்டி வையுங்கள். துருவோ வீக்கமோ தெரியும் தோட்டாவைத் தனியே எடுத்து வைத்துப் பொலிஸில் ஒப்படையுங்கள்.

சித்தப்பாவின் துவக்கை அன்று பின்னேரம் திருத்துநர் ஒருவர் வந்து பார்த்தார். உள்ளே இருந்தது உயிருள்ள தோட்டாதான். மாரி முழுக்கக் கொட்டில் கூரையில் செருகி வைத்திருந்ததால் அதன் அடித்தொப்பி துருவேறி வீங்கியிருந்தது. பக்கத்து வயல்காரர் கத்தியைப் பிடுங்காமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது பற்றிச் சித்தப்பா பேசுவதில்லை.

போன கிழமை போனபோது, தோட்டாக்கள் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போயிருந்தன. தகரத்தின் மூடியில், மகளின் கையெழுத்தில், ஒரு கொப்பித்தாள் ஒட்டியிருந்தது: 'டிக் எண்டால் 60 எண்ணவும்.'